ஆய்வுக்குப் போகும் மருத்துவர் நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள்

மருத்துவக் கல்லூரிகளையும் பெரிய மருத்துவமனைகளையும் நிர்வகிப்போருக்கும், மருந்துப் பரிசோதனைகளுக்கு நிதி தருவோருக்கும்,

வணக்கம்.

நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மருத்துவ ஆய்வும் செய்கிறவர்களில் நானும் ஒருவர். எங்கள் சம்பளத்தையும் பதவி உயர்வையும் பற்றி எழுதுகிறேன். மருத்துவர் பணத்தைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஆய்வுப் பணிக்கு எங்களுக்கு எந்த முறையில் பணம் வருகிறது என்பது நோயாளியின் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம். அதனால் வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன்.

ஒரு மருந்துப் பரிசோதனையில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். புது மருந்து கிடைக்குமா, வெற்று மாத்திரை கிடைக்குமா என்பது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை என்பதைப் புரியவைக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையாது என்று சொல்ல வேண்டும். "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் டாக்டர்" என்பார். மறுநாள் மகளோடு வருவார். மகளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்புறம், "வேண்டாம் டாக்டர், பயமாக இருக்கிறது" என்று எழுந்து போய்விடுவார். அது அவருடைய உரிமை. மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறிமுறை சொன்ன, 1964இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனத்திலிருந்து இன்றுவரை ஆய்வு நெறிமுறைகள் எல்லாம் அந்த உரிமையின் மேல்தான் நிற்கின்றன.

இப்போது பண ஏற்பாட்டைப் பாருங்கள். ஸ்பான்சரோடு, அதாவது ஆய்வை நடத்தச் சொல்லி நிதி தரும் நிறுவனத்தோடு, போடும் ஒப்பந்தங்களில், ஆய்வில் சேரும் நோயாளிக்கு இவ்வளவு, அவருடைய ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கணக்கு இருக்கிறது. பணம் நிறுவனத்துக்கு வருகிறது. அதில் மருத்துவருக்கு என்ன வரும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. சில இடங்களில் ஒன்றுமே வராது, ஓ.பி., வார்டு, இரவு டியூட்டி எல்லாம் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் ஆய்வுப் படிவங்களை நிரப்புகிறோம். வேறு சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். இரண்டுமே தவறு. ஆனால் இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இரண்டு நாள் பொறுமையாக விளக்கி, நோயாளி வேண்டாம் என்றபோது தலையாட்டி அனுப்பிய மருத்துவருக்கு அங்கே ஒன்றும் கிடையாது. பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கியவருக்குப் பணம் உண்டு. நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் மசிய மாட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒப்புதல் கேட்கும் இடத்தில் பணம் அந்தப் பக்கமாக இழுக்கவே கூடாது.

நான் கேட்பது நேரத்துக்கான சம்பளம். வாரத்தில் இத்தனை மணி நேரம் ஆய்வுக்கு என்று பணி ஆணையிலேயே எழுதுங்கள். அந்த நேரத்தில் ஓ.பி.க்குக் கூப்பிடாதீர்கள். பேசிப் பார்த்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்க்காமல் சம்பளம் கொடுங்கள். கடுமையான பக்கவிளைவு வந்தால் பெரும்பாலான ஆய்வுகளில் 24 மணி நேரத்துக்குள் ஸ்பான்சருக்குத் தெரிவிக்க வேண்டும். நள்ளிரவில் வரும் அந்த அழைப்பும் வேலைநேரத்தில் சேர வேண்டும். இது நடக்காத காரியமில்லை. இங்கிலாந்தில் ஆய்வுப் பாதையில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களுக்கு நேரத்தில் கால் பங்கும், அடுத்த கட்டத்தில் பாதியும் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன.

அடுத்தது பதவி உயர்வு. 2020 மார்ச்சில் கோவிட் சிகிச்சைக்கு உதவும் மருந்துகளைத் தேடி பிரிட்டனில் தொடங்கிய ரெகவரி ஆய்வு, ஜூன் மாதத்திலேயே டெக்ஸாமெத்தசோன் பற்றிய முடிவைச் சொல்லிவிட்டது. வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளிடையே மரணத்தை அந்த விலை குறைந்த மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் சாதாரண வார்டு மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளைச் சேர்த்ததால்தான் அது முடிந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் முதல் ஆசிரியர், அதாவது ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் முதல் பெயர், என்ற இடத்தில் எத்தனை பேர் நிற்க முடியும்? ஆனால் பதவி உயர்வுக் குழுவின் முன் போனால், "முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை?" என்பதுதான் கேள்வி. பல வருடம் ஒரு நோயாளியைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து கவனித்தவரின் பெயர் பின்னிணைப்பில் எங்கோ இருக்கும். அதற்கு மதிப்பெண் கிடையாது. பெரிய ஆய்வுகளில் ஒருவர் சேர்த்த, தொடர்ந்து பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையும் அவருடைய பதிவுகளின் தரமும் கணக்கில் வர வேண்டும்.

ஒப்பந்தப் பணியில் இருக்கும் இளையவர்களின் நிலை இன்னும் மோசம். பிராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. மகப்பேறு விடுப்பு, பணிமூப்பு, ஆண்டு ஊதிய உயர்வு எதற்கும் உறுதி இல்லை. கல்விக் கடனோடு வருகிறவர் எத்தனை நாள் தாங்குவார்? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், மருத்துவ ஆய்வில் தொடர்கிறவர்களின் கல்விக் கடனில் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அடைக்கிறது. பணநெருக்கடியும் மருத்துவர்களை ஆய்விலிருந்து வெளியேற்றும் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வு மருத்துவர்கள் அழிந்துவரும் இனம் என்று அந்நாட்டு மருத்துவர் ஜேம்ஸ் வின்கார்டன் 1979இலேயே எச்சரித்திருந்தார்.

என்னோடு இருந்த சிலர் மருந்து நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். மருந்துப் பாதுகாப்பு, ஆய்வுக் கண்காணிப்பு போன்ற வேலைகள். சம்பளம் நல்லது, இரவு டியூட்டி இல்லை. அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதுவும் தேவையான வேலைதான். வருத்தமெல்லாம், திரும்பி வர நினைத்தால் கதவு மூடியிருக்கிறதே என்பதுதான். அந்த வருடங்களை அனுபவமாகவே நீங்கள் எண்ணுவதில்லை. எண்ணினால், ஆய்வை உள்ளும் புறமும் அறிந்த மூத்தவர்கள் உங்களுக்குக் கிடைப்பார்கள்.

பணி விதிகளையும் பதவி உயர்வு விதிகளையும் மாற்ற நாளாகும் என்பது தெரியும். ஆனால் அடுத்து நீங்கள் கையெழுத்திடப் போகும் ஆய்வு ஒப்பந்தத்தின் பட்ஜெட்டில் "மருத்துவர் நேரம்" என்று ஒரு தனி வரி சேர்க்க யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். ஒப்புதல் பேச்சுக்கு எவ்வளவு நேரம், சேராமல் போகிறவர்களுக்கு எவ்வளவு, பக்கவிளைவு அறிக்கைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தர நான் தயார். எப்போது வரட்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மருத்துவர்