நொய்யலின் நிறம் மாறியது, உப்பு போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் நொய்யல் ஆற்றில் பொக்லைன் இறங்கி ஆகாயத்தாமரையை வாரும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. நல்ல வேலைதான். ஆனால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் எங்களுக்கு அது போதவில்லை.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-ல் வந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மாடு வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு ஆற்றின் நிறம் மாறியது உண்மை.

ஆனால் துணியில் சாயம் பிடிப்பதற்காகக் கொட்டிய உப்புக்கு நிறம் கிடையாது. அது மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கிக் கிடக்கிறது. ஒரு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாது, பல மழைக்காலம் பிடிக்கும். எங்கள் தென்னைகளைப் பார்த்தாலே தெரியும்.

அதனால்தான் விடாமல் அளக்கச் சொல்கிறோம். வெள்ளம் போகும்போது எடுத்த மாதிரியை வைத்து ஆறு சுத்தம் என்று சொல்லக் கூடாது, அப்போது எல்லாமே நீர்த்துப்போய்த்தான் இருக்கும். கோடையில் ஒருமுறை, முதல் மழை இறங்கியதும் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. எப்போதும் அதே இடங்களில் எடுக்க வேண்டும். நல்லாறும் ஜம்மனை ஓடையும் நொய்யலில் சேரும் இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஊர்ச் சாக்கடை அந்த வழியாகத்தான் வருகிறது. மழை பெய்யும் இரவில் யாராவது சாயக்கழிவைத் திறந்துவிட்டால் அதுவும் அங்கேயே பிடிபடும். அணைக்குக் கீழுள்ள கிணறுகளின் டி.டி.எஸ். அளவும், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவும் வேண்டும். அப்புறம் அந்தக் கணக்கை அலுவலகக் கோப்பில் வைக்காமல் ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடட்டும்.

குறைந்தது பத்து வருடமாவது இதைத் தொடர வேண்டும். கூடவே, வெள்ளிங்கிரி மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர் மேலே உள்ள குளங்களில் நின்று, ஊறி, கோடையிலும் கொஞ்சம் கசிய வழி செய்ய வேண்டும். உப்பைக் கழுவ நல்ல தண்ணீரை விட்டால் வேறு மருந்து இல்லை.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதல் அளவை எடுத்துவிடலாம். எங்கள் கிணற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சென்னிமலை வட்டாரம்.