விரலை எடுத்த பிறகும் எரிந்த விளக்கு

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, இரண்டு எண்களைக் கூட்டுகிற சர்க்யூட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே நாம் பரீட்சைக்காக உருப்போட்ட அதே நேண்ட் கேட்தான், 0, 1 என்ற மின் குறிகளை வாங்கி ஒரு விடை தரும் அந்தச் சின்ன சர்க்யூட். இரண்டு உள்ளீடும் 1 ஆனால் 0, மற்றபடி எப்போதும் 1.

ஒரு பிட்டை, அதாவது இரும எண்ணின் ஓர் இலக்கத்தைக் கூட்டும் ஃபுல் ஆடருக்கு 9 நேண்ட். நான்கு பிட்டுக்கு 36. ஒரு சிப்புக்கு நான்கு கேட் என்று 9 சிப் செலவானது. கட்டி முடித்தால் இரண்டும் மூன்றும் ஒரு நேரம் ஐந்து, ஒரு நேரம் ஆறு! கையைக் கிட்டே கொண்டுபோனாலே விடை மாறியது. மூன்று நாள் மண்டை காய்ந்த பிறகுதான் பார்த்தேன், முதல் ஆடரின் கேரி உள்ளீட்டை, அதாவது முந்தைய இலக்கத்தின் மிச்சம் வந்து சேரும் இடத்தை, எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருக்கிறேன். கிரவுண்டில், அதாவது 0இல் சேர்த்ததும் அடங்கிவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கூட்டுகிற சர்க்யூட்டுக்கு ஞாபகம் கிடையாது. உள்ளீட்டை எடுத்தால் விடையும் போச்சு. சரி என்று மீதியிருந்த ஒரு சிப்பில் இரண்டு நேண்டை எடுத்து, இதன் வெளியீட்டை அதற்கும் அதன் வெளியீட்டை இதற்கும் கொடுத்தேன். பொத்தானை ஒரு கணம் அழுத்தினேன், எல்இடி எரிந்தது. விரலை எடுத்தேன், எரிந்துகொண்டே இருந்தது. லாட்ச் என்று எத்தனை முறை படம் வரைந்திருப்போம்! அன்று ஒன்றும் தோன்றவில்லை. இப்போது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ் இயற்பியலாளர்கள் 1918லேயே வெற்றிடக் குழாய்களால் இதைச் செய்துவிட்டார்கள். மின்சாரம் போட்டவுடன் அது 0இல் நிற்குமா 1இல் நிற்குமா என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் அதை 0க்குக் கொண்டுவரும் ரீசெட் எதற்கு என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி இந்த ஞாபகத்தை வரிசையாக அடுக்கினால் ஒரு முழு எண்ணை வைத்திருக்கும் ரெஜிஸ்டர். அதில் உள்ள எண்ணோடு ஆடர் 1 கூட்டி, சீரான தாளத்தில் துடிப்பு அனுப்பும் கிளாக் துடிக்கும்போதெல்லாம் அதிலேயே திரும்ப எழுதினால் கணினியின் அடுத்த கட்டளை எங்கே என்று காட்டும் கவுண்டர். அப்பல்லோ விண்கலக் கணினியின் லாஜிக் முழுக்க ஒரே வகை நார் கேட்தானாம், எல்லா உள்ளீடும் 0 ஆனால் மட்டும் 1 தருவது. சுமார் 2,800 சிப். என் மேசை தாங்காது.

அடுத்து கிளாக் கட்ட வேண்டும். மின் அலையைத் திரையில் காட்டுமே, உன் பழைய ஆசிலோஸ்கோப், அது இன்னும் ஓடுகிறதா? ஓடினால் எடுத்துக்கொண்டு வாயேன்.

அன்புடன்,
ரவி