லாரிச் சக்கரத்துக்கு மருந்து, முட்டைத் தட்டுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகள் கொத்தாகச் சாகத் தொடங்கினால், சில நாள்களிலேயே வாளையார் சோதனைச் சாவடியில் லாரிச் சக்கரத்துக்கு மருந்து தெளிக்கும் படம் நாளிதழ்களில் வந்துவிடும். 2021 ஜனவரியில் நெடுமுடி, தகழி, நீண்டூர் வாத்துகளில் ஹெச்5என்8 வகைப் பறவைக்காய்ச்சல் உறுதியானபோது வந்தது. 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனாவில் ஹெச்5என்1 என்றபோதும் வந்தது. தெளிப்பது வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தெளிப்போடு நாமக்கல் தப்பித்துவிட்டதாகப் பண்ணையாளர்களே நம்பிவிடுகிறார்களே, அதனால்தான் எழுதுகிறோம்.

பறவைக்காய்ச்சல் வைரஸைக் கொல்வது அப்படியொன்றும் கடினமல்ல. அதன் மேலுறை கொழுப்பு. சோப்புத் தண்ணீரே அதைக் குலைத்துவிடும். 60 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் தாங்காது. ஆனால் எச்சத்துக்குள் புகுந்துகொண்ட வைரஸ் 4 டிகிரி குளிரில் ஒரு மாதம் வரையிலும், 37 டிகிரியில்கூட 6 நாள் வரையிலும் உயிர்ப்போடு கிடக்கும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு எந்தக் கிருமியும் நிற்காது’ என்பது நேர்வெயிலில் காய்ந்த எச்சத்துக்குப் பொருந்தலாம். கூண்டுக்கு அடியில் ஈரமாகக் குவிந்திருக்கும் எருவுக்கும், தட்டின் குழியில் ஒட்டியிருக்கும் எச்சத்துக்கும் பொருந்தாது. கேரளத்தில் முட்டையை இறக்கிவிட்டு வண்டி திரும்பி வர ஓர் இரவு போதும்.

பெரும்பாலான கிருமிநாசினிகள் வேலை செய்யச் சுமார் 10 நிமிடம் ஈரம் காயாமல் நிற்க வேண்டும். சாவடியில் வண்டி அரை நிமிடம் நின்று கிளம்பிவிடுகிறது. சக்கரத்தில் சேறு இருந்தால், குளோரின் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். ஓட்டுநரின் செருப்பு, காலடி மிதியடி, தார்ப்பாய், கயிறு ஆகியவற்றை யாரும் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் அடுக்கியிருக்கும் காலித் தட்டுகள்! எத்தனையோ கடைகளில், கறிக்கோழி வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடந்துவிட்டு வரும் அந்தத் தட்டுகள் நேரே முட்டை அறைக்குள் போகின்றன. அங்கிருந்து வேலையாள் கையில் கூண்டு வரிசைக்குள் போய்விடுகின்றன.

காகிதக்கூழ் அட்டையைக் கழுவ முடியாது. அது ஒரு நடைக்குத்தான். பண்ணையை விட்டு வெளியே போனது திரும்பி வரக்கூடாது. பிளாஸ்டிக் தட்டு என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் எச்சத்தையும் உடைந்த முட்டையின் கசடையும் தேய்த்து அலச வேண்டும். பிறகு குவாட்டர்னரி அமோனியம் வகை மருந்தை லேபிளில் உள்ள அளவில் கலந்து 10 நிமிடம் முக்கி, வெயிலில் உலர்த்த வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் இந்த வகை மருந்து வீரியம் இழக்கும், அதனால் நடுவில் அலசுவதை விட்டுவிடக்கூடாது. இரண்டு தொகுதித் தட்டு இருந்தால்தான் காயவைக்க நேரம் கிடைக்கும். ஒரே தொகுதியை வைத்துக்கொண்டு ‘கழுவித்தான் எடுக்கிறோம்’ என்கிற பண்ணைகளில் தட்டு ஈரத்தோடு முட்டை ஏறுவதைத்தான் பார்க்கிறோம்.

வாசலில் தூவும் வெள்ளைப் பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து கோலம் போட்டதுபோல் தூவுவது ஊரெங்கும் பழக்கம். காய்ந்த பொடி கிருமியை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. ஈரம் பட்டாலோ, சுண்ணாம்பின் காரம் குளோரினின் வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பார்வைக்கு மட்டும் நன்றாக இருக்கும். சேறும் எச்சமும் படிந்த இடத்துக்குச் சலவைச் சோடா நல்லது. நீரற்ற தூள் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ. படிகமாக விற்பது என்றால் 10 கிலோ போட வேண்டும், அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 10 நிமிடம் ஊறட்டும். அலுமினியத்தில் மட்டும் படக்கூடாது. கழுவித் துடைத்த சிமென்ட் தரைக்கு 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் போதும், அன்றன்று கலந்தால். முந்தைய வாரம் கலந்து வெயிலில் வைத்த கேன் வெறும் தண்ணீருக்குச் சமம். எக்காரணம் கொண்டும் ஹைப்போகுளோரைட்டை அமிலத்தோடு கலக்கக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

ஷெட் வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைக்காத பண்ணை இப்போது குறைவு. காலை 9 மணிக்கு அது எச்சக் குழம்பாகிவிடுகிறது, மாலை வரை எல்லோரும் அதில்தான் கால் வைக்கிறார்கள். அதைவிட மலிவும் உறுதியுமான வழி ஒன்று உண்டு. வாசலுக்குள் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள். வெளிச்செருப்பைத் திண்ணைக்கு இந்தப் பக்கம் கழற்றி, உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, அந்த ஷெட்டுக்கு மட்டுமான செருப்பை மாட்ட வேண்டும். ஷெட்டுக்கு ஒரு நிறம் என்று வைத்தால், நீலச் செருப்பு பச்சை ஷெட்டில் நடப்பது தூரத்திலேயே தெரியும். மருந்து தேவையில்லை, அளவு பார்க்கத் தேவையில்லை. முதலாளியும் மருத்துவரும் காலைத் தூக்கிப் போட்டால்தான் வேலையாள் போடுவார் என்பது தனிக்கதை.

ஊசி போடும் குழு, கோழியின் மூக்கு நுனியை வெட்டும் குழு, கோழி பிடிக்கும் ஆட்கள் ஆகியோர்தான் ஒரே வாரத்தில் பல பண்ணைகளுக்குள் கூண்டு வரை போகிறவர்கள். 2 நாள் இடைவெளி விட்டு வாருங்கள் என்று அவர்களிடம் சொல்வது நடக்காது. அவர்களுக்குப் பிழைப்பு அதுதான். குளிக்கத் தண்ணீரும், உடுத்த உடையும், செருப்பும் பண்ணையே கொடுக்க வேண்டும். மூக்கு வெட்டும் எந்திரத்தையும் ஊசித் துப்பாக்கியையும் வாசலிலேயே துடைத்து வாங்க வேண்டும். முட்டைக்காலம் முடிந்த கோழியை வாங்க வரும் வண்டியில் பெரும்பாலும் முந்தைய பண்ணையின் கோழி பாதி ஏறியிருக்கும். அந்த வண்டியைச் சுற்றுச்சுவருக்கு உள்ளே விடவே கூடாது. கோழியை நம் பெட்டியில் சுவர் வரை கொண்டுபோய் மாற்றிக் கொடுக்கலாம்.

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையில் ஒரு தொகுதி மொத்தமாகப் போன பின்புதான் அடுத்தது வரும். இடையில் ஷெட் காலியாகும்போது கிருமியும் பட்டினி கிடக்கும். நாமக்கல் முட்டைப் பண்ணையில் குஞ்சு, வளரும் கோழி, முட்டைக்கோழி எல்லாம் ஒரே வளாகத்தில் ஆண்டு முழுக்க இருக்கும். ஆகவே ஒவ்வொரு வயதுத் தொகுதியையும் தனிப் பண்ணையாகப் பாவித்து, வேலையாளையும் கருவிகளையும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. இது வாத்துக்காரர்களின் கவலை என்று ஒதுக்கவும் முடியாது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில், வேல்பூரிலும் கானூரிலும், ஹெச்5என்1 தாக்கியது நம்மைப் போன்ற முட்டைக்கோழிப் பண்ணைகளைத்தான்.

குடிநீர் குறித்துச் சுருக்கமாக: 1,000 லிட்டருக்கு 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 10 கிராம் போட்டால் சுமார் 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் வரும். ஆனால் தொட்டியில் அல்ல, கோழி குடிக்கும் குழாயின் கடைசி நிப்பிளில் அளந்து 2 பிபிஎம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுப்பதற்கு முந்தைய நாளே குளோரினை நிறுத்துகிறார்கள், அது சரி. மறுபடி தொடங்க மறந்துவிடுகிறார்கள். செத்த கோழியை மூடியுள்ள குழியில் போட வேண்டும், திறந்த குழி காக்கையை அழைக்கும். வேலையாள் வீட்டில் நாட்டுக்கோழியோ சண்டைச் சேவலோ வாத்தோ வளர்க்கக்கூடாது என்று சொன்னால் போதாது, அதற்கு ஈடாக மாதம் முட்டையும் கறியும் கொடுங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் அதிக நாள் வீணாகிறது. திடீர்ச் சாவு, கொண்டை நீலம் பாய்தல், தலை வீக்கம், காலில் ரத்தக்கட்டு, ஓடில்லாத தோல்முட்டை என எல்லாம் தெரிந்த அறிகுறிகளே. ஆனால் தொடக்கத்தில் அது வெள்ளைக்கழிச்சல் மாதிரியே தெரியும். தடுப்பூசியைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், கோழியைக் கூண்டு வாசலிலேயே அறுத்துப் பார்ப்பார்கள், மிச்சத்தை அவசரமாக விற்பார்கள். இந்த மூன்றுமே நோயை ஊர் முழுக்கக் கொண்டுபோகும் வேலைகள். வீரியம் குறைந்த ஹெச்9என்2 வகைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்ற தைரியமும் உதவாது. அது ஹெச்5 வகைக்குக் காவல் அல்ல. ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு தண்ணீர் மீட்டர் வையுங்கள். 10,000 முட்டைக்கோழி நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 லிட்டர் வரை குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். காரணம் தெரியாமல் அது சட்டென இறங்கினாலோ, தினம் 2, 3 என்றிருந்த சாவு அடுத்தடுத்த நாள்களில் மும்மடங்கானாலோ, எதையும் அறுக்காமல், எதையும் வெளியே அனுப்பாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்புவது அரசின் வேலை. தகவல் தெரிவிப்பது 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உரிமையாளரின் கடமை.

உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பதும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் நடைமுறை. நாமக்கல்லில் அந்த 1 கிலோமீட்டருக்குள் பல லட்சம் கோழிகள் அடங்கிவிடும். அந்தப் பயத்தில்தான் வாய் மூடிக்கொள்கிறார்கள். 2021-ல் கேரளம், 2 மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததுக்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்று அறிவித்தது. மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்கும் இழப்பீட்டில் முட்டைக்கோழிக்கு வயதுவாரியாக என்ன தொகை, எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதைக் கால்நடைப் பராமரிப்புத் துறை நோய் வருவதற்கு முன்பே தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பண்ணைக்கும் தர வேண்டும். கேரள வண்டிகள் ஊருக்குள் நுழையும் முன் காலித் தட்டுகளைக் கழுவி முக்கி உலர்த்த, நாமக்கல் புறவழிச்சாலையில் பொதுக் கழுவுமிடம் ஒன்றைத் துறையும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் சேர்ந்து அமைக்கலாம். தட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் பண்ணையாளர்கள் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
கோழிப்பண்ணைகளில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள் சிலர்,
நாமக்கல்.