புதுப்பேட்டையில உதவுன அண்ணனுக்கு நன்றி

புதுப்பேட்டை ஸ்பேர் கடை வாசல்ல ஆயில் ஒழுகிட்டு இருந்த என் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு இன்ஜின்) புல்லட் பைக்க குனிஞ்சு பாத்த அண்ணே, பேரு கூட சொல்லாம கிளம்பிட்டீங்க, அதான் இங்க எழுதுறேன். எல்லாரும் டேப்பட் கவர் கேஸ்கெட்ட (மூடிக்கு அடியில ஆயில் கசியாம இருக்க வைக்கிற ஷீட்ட) மாத்துன்னு தான் சொன்னாங்க, நீங்க மட்டும் தான் பிரீதர் பைப்ப (இன்ஜின் உள்காத்து வெளிய போற குழாய) கழட்டி காமிச்சீங்க, உள்ள பூரா சேறு மாதிரி அடைப்பு, பிஸ்டன் கீழ வர்றப்ப கிரான்க்கேஸ் (இன்ஜினோட அடிப்பெட்டி) காத்து வெளிய போக வழி இல்லன்னா எந்த புது கேஸ்கெட் போட்டாலும் ஆயில தள்ளத்தான் செய்யும்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் மண்டைல ஏறுச்சு.

வீட்டுல வந்து நீங்க சொன்ன மாதிரியே இன்ஜின மண்ணெண்ணெய் போட்டு தொடச்சு, காஞ்சதும், எங்க கசியுதுன்னு தெரிய முகத்துக்கு போடற பவுடர தூவி ஒரு ரவுண்டு ஓட்டுனேன். பாத்தா ராக்கர் கவர் (இன்ஜின் தலைல இருக்கற மூடி) ஓரத்துல ஒரு கோடு மட்டும் ஈரம்! கவர கண்ணாடி மேல எமரி பேப்பர் விரிச்சு சமமா தேய்ச்சு புது கேஸ்கெட் போட்டாச்சு, இப்போ அங்க சொட்டே இல்ல.

பிரைமரி செயின் கவர் (இன்ஜின்ல இருந்து கிளட்சுக்கு போற செயினோட மூடி) நடு நட்ட ரொம்ப முறுக்காதே, கவர் வளைஞ்சிரும்னீங்களே, அதையும் மெக்கானிக் கிட்ட சொல்லிட்டேன் (அவரு மொறச்சாரு, அது வேற கதை). டீ காசு கூட வாங்கல நீங்க. ரொம்ப நன்றிண்ணே, அடுத்த தடவ பாத்தா டீ என் கணக்கு.