சமுதாயக் கூடத்தில் நடக்கும் தொடக்கப் பள்ளிக்கு வகுப்பறை கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் பெற்றோர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

பொருள்: இடிக்கப்பட்ட பள்ளிக் கட்டடத்துக்குப் பதிலாக வகுப்பறைகள் கட்டித் தரவும், அதுவரை பள்ளி வேலை நாள்களில் சமுதாயக் கூடத்தை வேறு எந்த நிகழ்ச்சிக்கும் கொடுக்காமல் இருக்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை: நாங்கள் முன்பு நேரில் அளித்த மனுக்கள், அவற்றுக்குப் பதில் வரவில்லை. இது குறித்த கிராம சபைத் தீர்மானம்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். எங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்குப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சமுதாயக் கூடம், ரேஷன் கடை, அதற்கு எதிரே உள்ள வேப்பமரம், சாலைக்கு அந்தப் பக்கம் பழைய பள்ளி இருந்த காலி இடம் எல்லாமே தாங்கள் பலமுறை வந்து பார்த்தவை. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலராகத் தாங்களே எங்கள் ஊராட்சியைப் பார்த்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் இந்த மனுவைத் தங்களுக்கே எழுதுகிறோம். கூடத்தை யாருக்கு, எந்த நாளில் கொடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் இன்று தங்கள் கையில் இருக்கிறது.

1. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசு உத்தரவிட்டது. எங்கள் பள்ளியும் அந்தக் கணக்கில் வந்தது. ஓட்டுக் கட்டடம், சுவரில் விரிசல். இடித்தது சரியான முடிவுதான், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இடித்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறார்கள். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

2. தற்காலிகம் என்று சொல்லித்தான் பள்ளியைச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினார்கள். நாங்களும் சரி என்றோம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், ஒரே கூடம். இந்தக் கூடத்தில் பள்ளி எப்படி நடக்கிறது என்பதற்கு, கடந்த ஒரு வாரம் நடந்ததை மட்டும் எழுதுகிறோம். தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

திங்கள்கிழமை: ஞாயிறன்று கூடத்தில் ஒரு காதணி விழா. காலை உணவுக்குப் பிள்ளைகள் வந்தபோது தரையெல்லாம் பாயசம் கொட்டிப் பிசுபிசுப்பு, மூலையில் எச்சில் இலைகள், நாற்காலிகள் குவிந்து கிடந்தன. தலைமையாசிரியரும் நான்கு தாய்மார்களும் சேர்ந்து கழுவிவிட்டோம். தரை காய்ந்து பிள்ளைகள் உட்காரும்போது மணி பதினொன்று.

செவ்வாய்க்கிழமை: கூடத்தில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. வாரத்தில் பள்ளி பள்ளியாக நடந்த ஒரே நாள். வாசிக்கவும் கணக்குப் போடவும் பழக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், அரும்பு என்ற தொடக்க நிலையில் இருந்த ஒரு பையன் அன்று அடுத்ததான மொட்டு நிலைக்கு வந்தான். எழுத்துக்கூட்டாமல் நாலு வரி வாசித்தான். ஆசிரியை கொடியில் கதைப் படங்களைத் தொங்கவிட்டு, ஒரு மூலையில் பொம்மைகளை வைத்துக் கதை சொன்னார். மதியம் வந்து பார்த்த எங்களுக்கே அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு அறையும் நான்கு சுவரும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

புதன்கிழமை: மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கான முகாம். அட்டை எங்களுக்கும் வேண்டியதுதான், முகாமைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் மாலையே படங்களையும் பொம்மைகளையும் கழற்றிச் சாக்கில் கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். கரும்பலகையை மரத்தில் சாய்த்து வைத்து ஐந்து வகுப்புக்கும் ஒரே பாடம். பக்கத்திலேயே முகாமுக்கு வந்தவர்களின் வண்டிகள்.

வியாழக்கிழமை: முகாம் இரண்டாம் நாளும் தொடர்ந்தது. பத்தரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ரேஷன் கடைத் திண்ணையில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்த முடிந்தது. மற்றவர்கள் நனைந்தார்கள். மதிய உணவு போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியருக்கு வேறு வழி இல்லை. ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? தாய்மார்கள் நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போயிருந்தோம். ஒன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் பூட்டிய வீட்டு வாசலில், ஈரத் துணியோடு, நாங்கள் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒன்றுக்கு இன்றுவரை காய்ச்சல்.

அன்று முகாமைப் பார்வையிடத் தாங்களும் வந்திருந்தீர்கள் அய்யா. தங்களுக்குப் போட்ட மேசைக்குப் பின்னால் சுவரில் உயிரெழுத்து அட்டை ஒட்டியிருந்தது. சாக்கில் கட்டாமல் விடுபட்டது அது ஒன்றுதான். இது ஒரு வகுப்பறை என்று தங்களுக்குத் தோன்றவில்லையா? இங்கே உட்கார வேண்டிய பிள்ளைகள் எங்கே என்று தாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை: மகிழ் முற்றம் நிகழ்ச்சி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்து ஆட்டம், பாட்டு, நாடகம் எல்லாம் பிள்ளைகள் பழகியிருந்தார்கள். மருதம் குழுப் பிள்ளைகள் காகிதத்தில் நெற்கதிர் செய்து தலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெற்றோரில் பலர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தோம். கூடத்தில் நிச்சயதார்த்தம். பணம் கட்டி ரசீது வாங்கியிருக்கிறோம் என்று அவர்கள் காட்டினார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஊர்க்காரர்கள், எங்கள் சொந்தக்காரர்கள், நல்ல காரியம். ஆனால் பள்ளி நடக்கும் நாளில், பள்ளி நடக்கும் இடத்துக்கு ரசீது போட்டது யார்? நாடகத்தை மரத்தடியில் நடத்தலாம் என்று பார்த்தால் பந்தலும் ஒலிபெருக்கியும். பிள்ளைகள் பேசியது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டோம்.

இது ஏதோ ஒரு மோசமான வாரம் இல்லை அய்யா. முகூர்த்த மாதம் வந்தால் இதைவிட அதிகம். எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனாலும் வெளியூர் உறவினர் தங்குவது அந்தக் கூடத்தில்தான். சாவு வீட்டுக்காரர்களிடம் போய்ப் பள்ளி நடக்கிறது என்று எப்படிச் சொல்வது?

3. சத்துணவுக் கூடம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. தினமும் மதியம் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். அந்த வளைவில் லாரிகள் எந்த வேகத்தில் திரும்பும் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு ஆசிரியர் சாலையில் நின்று வண்டிகளை நிறுத்துகிறார்.

4. தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு திறன்மிகு வகுப்பறைப் பலகை கொடுத்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது. மாட்டச் சுவர் இல்லை. பெட்டியோடு இருக்கிறது.

5. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் கல்வித் துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குக் கட்டடம் கட்டுவது ஊரக வளர்ச்சித் துறை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம், சென்ற முறை வந்தபோது, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டதே, புதுக் கட்டடம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை எங்களால் தாங்க முடியவில்லை. எண்ணிக்கை ஏன் குறைந்தது? மழை வந்தால் வீட்டுக்கு அனுப்பும் பள்ளியில், கல்யாணம் வந்தால் மரத்தடிக்குப் போகும் பள்ளியில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? கடன் வாங்கியாவது தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்கு வழியில்லாத எங்கள் பிள்ளைகள்தான் இங்கே மிச்சம் இருக்கிறார்கள். கட்டடம் இல்லாததால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் போனதால் கட்டடம் இல்லை என்கிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

6. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் குறைந்தது ஒரு வகுப்பறை வேண்டும் என்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. பள்ளி ஆண்டில் 200 வேலை நாள்கள், 800 மணி நேரப் பாடம் என்றும் இருக்கிறது. மரத்தடியில் நின்ற நேரத்தையும் வீட்டுக்கு அனுப்பிய நேரத்தையும் கழித்துவிட்டு எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அதிலிருந்து நாங்கள் கேட்பது இரண்டே வகுப்பறை. இடம் இருக்கிறது. பள்ளியின் பெயரிலேயே இருக்கிறது. யாரிடமும் வாங்க வேண்டியதில்லை, யாரையும் காலி செய்ய வேண்டியதில்லை.

7. நாங்களே கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஊர் கூடி, காலி இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுக்கிறோம் என்றோம். கூடாது என்றார்கள். 2004-இல் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போன பிறகு கீற்றுக் கூரை கூடாது என்பது நியாயம், ஏற்றுக்கொண்டோம். அப்படியானால் தகரக் கொட்டகையாவது போட அனுமதி கொடுங்கள் என்று கேட்டோம். அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆபத்தான கட்டடம் கூடாது, சரி. கீற்று கூடாது, சரி. அப்போது பிள்ளைகள் எங்கேதான் உட்கார வேண்டும்? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே.

அய்யா, மரியாதைக் குறைவாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் தாய் சொல்லச் சொல்ல எழுதியது இது.

நாங்கள் கேட்பது இரண்டு. முதலாவதைச் செய்யப் பணம் தேவையில்லை, தங்கள் கையெழுத்து ஒன்று போதும். திங்கள் முதல் வெள்ளி வரை, பள்ளி நடக்கும் நேரத்தில், சமுதாயக் கூடத்தை எந்த விழாவுக்கும் எந்த முகாமுக்கும் கொடுப்பதில்லை என்று இந்த வாரமே உத்தரவு போட்டுக் கூடத்து வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். முகாம்களை சனிக்கிழமை நடத்தலாம், நாங்களே கூட இருந்து உதவி செய்கிறோம். சாவு நிகழும் வீடுகளுக்கு மட்டும் என்ன ஏற்பாடு என்பதை ஊர்ப் பெரியவர்களோடு பேசி நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இரண்டாவது, பழைய இடத்தில் இரண்டு வகுப்பறையும் கழிப்பறையும் கட்ட மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்புங்கள். அனுப்பியிருந்தால் அது இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள். அங்கே போய் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். பதில் எதுவாக இருந்தாலும் எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தையாக "பார்க்கிறோம்" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வகுப்பறை கட்டித் தாருங்கள் அய்யா. அதுவரைக்கும் அந்தக் கூடத்தையாவது பிள்ளைகளுக்கு முழுதாக விட்டுக்கொடுங்கள். தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம், மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், உறுப்பினர்கள் மற்றும் பெற்றோர்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் தனித் தாளில்)