வினைமுற்றைத் தேட வேண்டியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகக் கடிதங்களில் உள்ள வடசொற்களையும் உருதுச் சொற்களையும் நீக்கிவிட்டால் பொதுமக்களுக்கு எளிதாகப் புரியும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் கோளாறு அங்கே இல்லை என்பது என் எண்ணம்.

நான் ஓய்வு பெற்ற தபால்காரன். பதிவுத்தபாலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதும் "அப்படியே படிச்சும் சொல்லிடுங்க சார்" என்பார்கள். இப்போதும் காகிதத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். பட்டா, சிட்டா, ஜமாபந்தி, கிரயம், வில்லங்கம், புறம்போக்கு எல்லாம் எந்த மொழியிலிருந்து வந்தவை என்று எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரியாது. ஆனால் என்ன அர்த்தம் என்று தாசில்தாருக்குத் தெரிகிற அளவுக்குத் தெரியும். அவர்கள் திணறுவது வாக்கியத்தில்தான்.

உட்பிரிவு செய்து பட்டா கேட்டிருந்த ஓர் அம்மாளுக்கு வந்த பதில் ஏறக்குறைய இப்படி இருந்தது: "பார்வையில் காணும் தங்களது மனு மீது நில அளவரால் புலத்தணிக்கை மேற்கொள்ளப்பட்டு சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கையினைப் பரிசீலித்ததில், உட்பிரிவு செய்திட ஏதுவாக மூல ஆவண நகல் இணைக்கப்பெறாத நிலையில் மேல்நடவடிக்கை தொடர இயலாதுள்ளதாலும், இக்கடிதம் கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் மேற்படி ஆவணத்துடன் நேரில் ஆஜராகத் தவறும்பட்சத்தில் மனு தள்ளுபடி செய்யப்படும் என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படலாகிறது."

மொத்தமும் ஒரே வாக்கியம். நடுவே 'இயலாதுள்ளதாலும்' என்று ஓர் 'உம்' தொங்குகிறது. அதற்கு ஜோடி எங்கே என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது! அந்த அம்மாள் பத்தாம் வகுப்பு படித்தவர். 'தள்ளுபடி' என்பது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. பட்டா இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். அலுவலகம் கேட்டதோ ஒரு நகல்.

இதையே, "உங்கள் மனு கிடைத்தது. சர்வேயர் இடத்தைப் பார்த்துவிட்டார். மூலப்பத்திரத்தின் நகலை நீங்கள் இணைக்கவில்லை. 15 நாட்களுக்குள் அதை நேரில் கொண்டு வாருங்கள். வராவிட்டால் மனு தள்ளுபடியாகும்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? நகல், மனு, தள்ளுபடி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. முக்கியமாக வாக்கியத்தைத்தான் வெட்டியிருக்கிறேன்.

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் மேற்கொள்ளப்பட்டு, பெறப்பட்டு, பரிசீலிக்கப்பட்டு என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போனால், படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை ஓட வேண்டும். அதிலும் இந்தப் 'பட்டு, பட்டு' வெறும் நடைப் பழக்கம் இல்லை. யார் பார்த்தார், யார் முடிவு செய்தார் என்று எழுதினால் நாளைக்கு அவரைப் போய்க் கேட்பார்கள் அல்லவா? பழைய கடிதத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து, பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றுவது அதைவிடச் சௌகரியம். எளிமையாக எழுதிக் கொண்டுபோனால் "இதென்ன, வீட்டுக் கடிதாசியா?" என்று மேலே இருப்பவர் கேட்பாராம். அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மருமகன் சொல்கிறார்.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. கடிதம் தமிழில் வருகிறது, சரி. புரிகிற மாதிரி வர என்ன வழி? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 7(8) என்று ஒரு பிரிவு இருக்கிறது. தகவல் தர மறுத்தால், என்ன காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்ய வேண்டும் என்ற மூன்றையும் மனுதாரருக்குச் சொல்லியாக வேண்டும். பட்டா, ஓய்வூதியம், ரேஷன் கார்டு என்று எந்தக் கடிதமாக இருந்தாலும் இந்த முறையைக் கடைப்பிடிக்கலாம்: ஏன், எப்போதைக்குள், எங்கே. மூன்றும் தனித்தனி வாக்கியமாக இருக்கட்டும். கவிதை நயமெல்லாம் யாரும் கேட்கவில்லை.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. அரசு அறிவிப்புகளை வந்தது வந்தபடியே அச்சிடுகிறீர்கள். 'விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன' என்று தொடங்கும் செய்தியில் கடைசித் தேதி நாலாவது பத்தியில் ஒளிந்திருக்கிறது. அந்தத் தேதியையும் எங்கே கொடுக்க வேண்டும் என்பதையும் முதல் வரியிலேயே போடுங்கள். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தால் சுற்றி இருப்பவர்களுக்கும் விஷயம் போய்ச் சேரும். அமைச்சர் பெயரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
திருவாரூர் மாவட்டம்.