'சரி' என்று வரும் தோல் அறிக்கை

ஆசிரியருக்கு,

அல்போர்ட் என்ற பரம்பரைச் சிறுநீரக நோயைத் தோலில் கண்டுபிடிக்கலாம் என்று சென்ற ஞாயிறு வந்த கட்டுரை எங்கள் பக்கத்துக்குத் தேவையானது. கந்தளாய், பதவியா என்றாலே சிறுநீரக நோய்க்குத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். தடிமன் காய்ச்சலோடு சிறுவனுக்குச் சலம் தேத்தண்ணி நிறத்தில் போகிறது, காதும் மந்தம் என்றால் கிணற்றை விட்டுக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் "தோல் சரியாக இருந்தால் பயமில்லை" என்று கட்டுரையில் இருந்த வரி பிழை.

இந்த நோயில் பழுதாவது நான்காம் வகைக் கொலாஜன். சிறுநீரக வடிகட்டியின் மென்சவ்வில் அதன் அல்பா 3, 4, 5 இழைகள் மூன்றும் ஒன்றாக முறுகி நிற்கும். மேற்றோலுக்குக் கீழுள்ள மென்சவ்வில் 5 உண்டு. 3உம் 4உம் கிடையாது. ஆகவே தோலுக்கு 5ஐப் பற்றி மட்டுமே வாய் திறக்க முடியும். அதன் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது பழுதான ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குத் தோலில் 5 அறவே இராது. அப்படி வந்தால் நோய் உறுதி, சிறுநீரகத்தில் ஊசி குத்தத் தேவையில்லை. மீதி ஒருவருக்கு நோய் இருந்தும் தோல் 'சரி' என்றே காட்டும்.

3உம் 4உம் இரண்டாம் நிறமூர்த்தத்தைச் சேர்ந்தவை. தாய் தகப்பன் இருவரும் ஒரே பரம்பரையலகின் பழுதான பிரதியைக் கொடுத்தால் பிள்ளைக்கு நோய் வரும். தோல் அப்போதும் குறையில்லாமல் தெரியும். மச்சான் மச்சாளைக் கட்டும் வழக்கமுள்ள நமக்கு இந்த வகையைத் தள்ளிவைக்க முடியாது. அங்கே பரம்பரையலகுப் பரிசோதனை அல்லது சிறுநீரகப் பயொப்சிதான் வழி.

தோல் எடுப்பது சின்ன வேலை: மேற்கையில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து போட்டு, 3 அல்லது 4 மில்லிமீற்றர் துளைகருவியால் ஒரு துண்டு. கெடுவது அதற்குப் பிறகு. பழக்கதோஷத்தில், வழக்கமாக இழையத்தைப் பதப்படுத்தும் போமலின் போத்தலில் போட்டால், இழைகளைக் காட்டச் சாயத்தோடு சேர்க்கும் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் ஒட்டாது. பிள்ளையை மறுபடியும் குத்த வேண்டும். வீட்டு ஃபிரீசரில் வைத்தாலும் வீண், மெதுவாக உறையும்போது பனிப்பளிங்கு இழையத்தைக் கிழித்துவிடும். ஒன்றில் திரவ நைதரசனில் உடனே உறையவையுங்கள், இல்லாவிட்டால் இழையத்தைக் கெடாமல் அனுப்ப உதவும் மிக்கேல் கரைசலில் போட்டு, உறையவிடாமல் அனுப்புங்கள். திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் போகும் துண்டுக்கு இரண்டாவதே தோது. எந்த ஊடகம் வேண்டும் என்று ஆய்வுகூடத்தை முதலே கேட்டுவிடுங்கள். இடுக்கியால் நசுக்கிப் பிடித்தால் மேற்றோல் கழன்றுவிடும். ஊசி நுனியால் தூக்குவது நல்லது.

5 மைக்குரோமீற்றர் தடிப்பில் வெட்டிச் சாயமிட்டால், லேசர் நுணுக்குக்காட்டியில் மேற்றோலின் அடி நெடுக மெல்லிய பச்சைக் கோடு ஓடும். பாதிக்கப்பட்ட பெண்களில் அது பெரும்பாலும் விட்டுவிட்டு வரும்: அவர்களுடைய இரண்டு எக்ஸ்களில் சில கலங்களில் ஒன்று, மற்றவற்றில் மற்றது வேலை செய்வதால். சரிவாக வெட்டுப்பட்ட நல்ல தோலிலும் கோடு இப்படித்தான் முறியும்! அதனால் இந்த நோயில் பழுதாகாத அல்பா 2 இழைக்கும் பக்கத்தில் சாயமிட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் முறிந்தால் குற்றம் வெட்டில். 2உம் தெரியவில்லையா, மாதிரி கெட்டுவிட்டது. அதை வைத்து ஒன்றும் எழுதக்கூடாது. அறிக்கை கைக்கு வந்ததும் அல்பா 2 பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்கத் தாய்தான் முதலில் முன்வருவார். எக்ஸ் வழி நோயில் அவரே பழுதைச் சுமப்பவராக இருக்கலாம். அப்படிப்பட்ட பெண்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் 40 வயதுக்குள் சிறுநீரகத்தை இழக்கிறார்கள். அவருடைய சலத்தில் இரத்தமும் புரதமும் பார்க்காமல் தானத்துக்கு நாள் குறிக்கக்கூடாது.

அந்த வரியை அடுத்த இதழில் திருத்திப் போடுவீர்கள் என்று நம்புகிறோம்.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை